ரங்கநாதனுக்குப் பிடிக்காத அமைதி

இன்னைக்கு என் சொந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

நான் எம்.ஏ. படிச்சப்போ எங்க வீடு ஒற்றை அறை. அஞ்சு பேர், ஒரு டி.வி. படிக்கணும்னா பல்கலைக்கழக வளாகம்தான் கதி. வளாகம் பெருசுதான். ஆனா உட்கார இடம் தேடியே பாதி நாள் போயிடும். கேன்டீனுக்குப் பின்னாடி ஒரு சிமென்ட் பெஞ்சு, பூட்டிக் கிடக்கிற ஒரு துறையோட மாடிப்படி, காலி வகுப்பறை. வாட்ச்மேன் வந்து எழுப்புற வரைக்கும் அது நம்ம இடம். நூலகம் இருந்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு விளக்கை அணைச்சிடுவாங்க. ஒரு பேப்பர் எனக்கு அரியர் ஆனதுக்கு அந்த அஞ்சு மணிதான் காரணம்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தேன். முழுக்க நியாயமான குற்றச்சாட்டு இல்லைதான்.

நூலகத்தைச் சீக்கிரம் மூடுற பழக்கத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு: நெருப்பு. ஆக்ஸ்போர்டில் 1602இல் திறந்த பாட்லியன் நூலகத்தில், உள்ளே தீயோ சுடரோ கொண்டுவர மாட்டேன்னு வாசகர்கள் உறுதிமொழி கொடுக்கணும். விளக்கு ஏத்த முடியாதுன்னா சூரியன்தான் நேரம் குறிக்கணும். அந்தப் பழைய கட்டிடத்துக்குச் செயற்கை வெளிச்சம் வந்ததே 1929இல்தான். அது சரி, நம்ம ஊர்ல டியூப்லைட் வந்து இத்தனை வருஷம் ஆச்சே! அந்தக் கேள்விதான் என்னை எஸ்.ஆர். ரங்கநாதனிடம் கொண்டுபோய் விட்டது.

ரங்கநாதன் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அப்போ பல்கலைக்கழகத்து நூலகத்துக்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது, எழும்பூர் கன்னிமாரா நூலகக் கட்டிடத்தில்தான் இருந்தது. போய் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு அலுத்துப்போச்சு. ஆள் நடமாட்டமே இல்லை. வகுப்பறையில் பிள்ளைகளோட சத்தத்துக்கு நடுவுல இருந்த மனுஷன், அந்த அமைதியைத் தாங்க முடியாம, பழைய வேலையையே கொடுத்துடுங்கன்னு கேட்டுப் போனார்.

எனக்கு இந்த இடத்துல சிரிப்பு வரும். நான் வருஷக்கணக்கா அலைஞ்சு தேடின பொருள் அவர் மேசையில் கொட்டிக் கிடந்தது, அவர் வேண்டாம்னு ஓடியிருக்கார்.

மேலிடம் ஒரு சமாதானம் சொன்னது. லண்டன் போய் நூலகப் படிப்பு படிச்சிட்டு வாங்க, அப்புறமும் பிடிக்கலைன்னா கல்லூரிக்கே திரும்பிடலாம். போனார். அங்கே பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளும் தொழிலாளிகளும் உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் படிக்கிறதைப் பார்த்தார். அதுவும் அமைதிதான், ஆனா நாற்காலி நிறைஞ்ச அமைதி. 1925இல் திரும்பி வந்தவர் கல்லூரிப் பக்கமே போகலை. சுமார் இருபது வருஷம் அந்த நூலகத்திலேயே இருந்தார்.

வாசகர்களே நேராக அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கிற முறையைக் கொண்டுவந்தார். 1931இல் வந்த அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' புத்தகத்தில் முதல் விதி, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா அதை வெச்சுக்கிட்டு அவர் எங்கெல்லாம் போறார்னு பாருங்க. நூலகம் ஊரில் எந்த இடத்தில் இருக்கணும், எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கணும், மேசை நாற்காலி எப்படி இருக்கணும், வர்றவங்ககிட்ட ஊழியர் எப்படி நடந்துக்கணும், எல்லாமே அந்த ஒரு விதிக்குள்ள வந்துடுது. வாசகருக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்தில் கதவு மூடியிருந்தா அந்தப் புத்தகம் யாருக்கு? கணித வாத்தியார் இல்லையா, ஒரு தேற்றத்திலிருந்து கிளைத் தேற்றம் எடுக்கிற மாதிரியே எடுக்கிறார். என் அஞ்சு மணிக்கு அங்கதான் பதில் கிடைச்சது. நான் கோபப்பட்டது சும்மா இல்லைன்னு ஒரு ஆறுதல்.

சேப்பாக்கத்தில் நூலகத்துக்கென்று தனிக் கட்டிடம் 1936இல் வந்தது. பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். நடுவுல எத்தனை வருஷம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இன்னொரு விஷயம். ரங்கநாதன் 1967இல் கணித மேதை ராமானுஜனைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அந்த ராமானுஜன் கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் சிலேட்டு வெச்சு, முழங்கையால அழிச்சு அழிச்சுக் கணக்குப் போட்டவர். கோயில் தெரு, சத்தத்துக்கா பஞ்சம்? இதைச் சொல்லி, "படிக்கிறவன் எங்கேயும் படிப்பான்"னு எனக்கு அறிவுரை சொன்ன பெரியவங்க நிறைய பேர். எனக்கு இன்னைக்கும் ஒத்துக்க முடியலை. அதே ராமானுஜனுக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது, கிளார்க் வேலையை விட்டுட்டு நாள் முழுக்கக் கணக்கு மட்டும் போடட்டும்னு. அதை யாரும் எனக்குச் சொல்லலை.

லண்டன் கடையில் பார்த்த மெக்கானோ பொம்மையிலிருந்து ரங்கநாதனுக்கு கோலன் பகுப்பு முறை எப்படித் தோணுச்சுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.