ஸ்டீரியோ ஒலிச் சமநிலைப் பிறழ்வு

ஆலன் புளூம்லைன் 1931-இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறை, 1958-இல் இசைத்தட்டுகளின் வழியே இல்லங்களை எட்டியது. இடம், வலம் ஆகிய இரு ஸ்பீக்கர்களும் சமபலத்துடன் ஒலிக்கும்போதே பாடகரின் குரல் அவற்றின் மத்தியிலிருந்து எழுவதாகச் செவிக்குத் தோன்றுமாதலின், ஒரு பக்கம் மெலியுமாயின் அக்குரல் மறுபக்கம் சாய்ந்துவிடும்; இசையில் தோய விரும்புவோர்க்கு அது பெரும் நஷ்டமே.

பழுதின் இருப்பிடத்தை அறிய உத்தமமான உபாயம், இடவல இணைப்புகளைக் கட்டங்கட்டமாக மாற்றிப் பார்ப்பதாகும். பாலன்ஸ் குமிழ் நடுவில் நிற்பதை உறுதிசெய்து, மின்சாரத்தை நிறுத்தியபின், இசைத்தட்டுக் கருவியிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு வரும் இரு கம்பிகளையும் ஆம்ப்ளிபையர் முனையில் இடம் மாற்றிச் செருக, மெலிவும் பக்கம் மாறுமாயின் தோஷம் அக்கருவியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. மாறாதாயின், ஸ்பீக்கர் கம்பிகளை அவ்வாறே மாற்றிச் சோதிக்க வேண்டும். மெலிவு மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் ஆம்ப்ளிபையரும், பழைய ஸ்பீக்கரிலேயே தங்கினால் அந்த ஸ்பீக்கரோ அதன் கம்பியோ குற்றமுடையவை.

மெல்லிய ஒலியில் மட்டும் தோன்றி, ஒலியைக் கூட்டியதும் மறையும் சாய்வு தனி வகையினது. வால்யூம் குமிழின் ஒரே தண்டில் இயங்கும் இரு மின்தடைத் தடங்களும் ஆரம்பத்தில் சமமாக ஏறாமையே அதற்குப் பெரும்பாலும் காரணம். குமிழைத் திருப்புகையில் கரகரப்பும் எழுமாயின் தூசியையோ தேய்மானத்தையோ ஐயுறலாம்.

கருவிகள் யாவும் குறையற்றிருந்தும் சாய்வு நீடிப்பின், அறையையே ஆராய வேண்டும்: சுவர் மூலையை ஒட்டிய ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி ஓங்கும், கனத்த திரைச்சீலை மேல் ஸ்தாயி ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும்.