சிப்புக்குள்ள குதிரை இருக்குதா?

முகநூலில் ஒரு தரம் கார் பற்றித் தேடினால் போதும், அடுத்த நாளே விளம்பரம் வந்து நிற்கும்: இந்தச் சிப்பைப் பூட்டுங்கோ, குதிரைவலு கூடும், பெற்றோலும் மிச்சம். உண்மையாவே கூடுமா? கலைப்பீடத்துக்காரருக்கு எஞ்சினில என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். ஆனா இந்தக் கேள்விக்கான மறுமொழியில் பாதி வரலாறுதான்.

முதலில் ஒரு அடிப்படை. 1 கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேணும். ஆகவே எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகுது என்பதுதான் வலுவின் எல்லை. அந்தக் காற்றுக்கு எவ்வளவு எரிபொருள் கலப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி விடுவது என்பதைச் சரிப்படுத்துவதே ரியூனிங்.

ஒரு காலத்தில் இதைச் செய்தது மெக்கானிக்கின் கையும் காதும். காபரேற்றரில் ஒரு திருகாணி, தீப்பொறிக்கு இன்னொரு சரிப்படுத்தல், அவ்வளவுதான். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினதை எங்கட வீட்டுப் பெரியாக்கள் இன்னும் சொல்லுவினம். புகை கக்கியது, இழுவை குறைந்தது, ஆனாலும் ஓடியது. கையால் திறந்து சரிப்படுத்தக்கூடிய பழைய எஞ்சின் எண்டபடியால்தான் அது முடிந்தது.

உலகத்தின் மற்றப் பக்கத்தில் அந்தத் திருகாணி ஏற்கெனவே மறையத் தொடங்கியிருந்தது. 1970 இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இறுக்கியது. 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. புகையும் குறைய வேணும், எரிபொருளும் குறைய வேணும் எண்டால் காபரேற்றரின் துல்லியம் காணாது. 1979 இல் பொஷ் நிறுவனத்தின் மொட்ரோனிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினி சேர்த்து ஆண்டது. எந்த வேகத்தில், எந்தச் சுமையில் என்ன செய்வது என்ற அட்டவணை ஒரு சிப்புக்குள் போய் உட்கார்ந்தது.

அந்த அட்டவணையைப் போடுற பொறியியலாளர் எஞ்சினைக் கடைசி எல்லை வரை விரட்டுவதில்லை. ஒரே கார் பாலைவனத்திலும் பனியிலும் ஓட வேணும். தரம் குறைந்த பெற்றோல் அடித்தாலும் உடையக்கூடாது, நெடுங்காலம் உழைக்க வேணும், புகைச் சட்டத்துக்குள்ளும் நிற்க வேணும். இதுக்காக அவர் கொஞ்ச வலுவை ஒதுக்கி வைக்கிறார். 1980களில் ரியூனிங்காரர்கள் கண்டுபிடித்தது இந்த ஒதுக்கீட்டைத்தான். சிப்பைக் கழற்றி, அட்டவணையை வாசித்து, எண்களை மாற்றி எழுதின சிப்பைத் திரும்பப் பூட்டினார்கள். சிப்புக்குள் புதுக் குதிரை எதுவும் பிறக்கவில்லை. கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார்கள்.

ஆகவே மறுமொழி காரைப் பொறுத்தது. ரேர்போ உள்ள எஞ்சினில் கூடுதல் காற்றை உள்ளே தள்ளச் சொல்லி மென்பொருளுக்கே கட்டளையிடலாம். அங்கே 20, 30 வீதம் கூடுவதும் உண்டு. ரேர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்று கூடாது, அதனால் கிடைப்பது சில குதிரைவலுதான். எங்கட ரோட்டில் ஓடுற சின்ன யப்பான் கார்கள் கனக்க இந்த வகை. சில ஆயிரம் ரூபாவுக்கு வரும் பெட்டிகளோ வேற கதை. சிலதில் இருப்பது ஒரு தடையி மட்டும். உள்ளே வரும் காற்று குளிர் எண்டு கணினிக்குப் பொய் சொல்லி, கூடப் பெற்றோல் ஊற்ற வைக்கும். இன்னும் சிலதைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது, லைற்றை மினுக்குகிற சுற்று மட்டும்தான்.

விளம்பரத்தில் போடுற எண்ணையும் அப்படியே நம்பேலாது. 1971 இல் கடிலாக் எல்டொராடோவுக்கு 365 குதிரைவலு எண்டு எழுதினார்கள். 1972 இல் அது 235. எஞ்சின் திடீரெண்டு நோஞ்சானாகவில்லை, அளக்கும் முறை மாறியது. முன்னர் வெறும் எஞ்சினை மேசையில் வைத்து அளந்தார்கள். பிறகு காரில் இருப்பது போல எல்லாப் பாகங்களையும் பூட்டி அளந்தார்கள். அதே கார், அதே இயந்திரத்தில், முன்னும் பின்னும் அளந்தால்தான் சிப்புக்காரர் சொல்லுற எண்ணுக்கு ஒரு அர்த்தம்.

சரி, உண்மையாவே கூடுகிற இடத்தில் அந்த வலு எங்கிருந்து வருகுது? சில நேரம் எஞ்சினின் ஆயுளிலிருந்து. சில நேரம் மற்றவர்களின் மூச்சிலிருந்து. 2015 இல் வொக்ஸ்வாகன் பிடிபட்டது இதில்தான். சோதனை நடக்குது எண்டு மென்பொருள் கண்டுபிடித்தால் புகைக் கட்டுப்பாடு முழுசா வேலை செய்யும், ரோட்டில் தளர்ந்துவிடும். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. அமெரிக்காவில் ஓடியவற்றில் சில, நைதரசன் ஒட்சைட்டை அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை வெளிவிட்டன. கராஜ்களும் இதற்குக் குறைந்தவை இல்லை. பத்தாண்டுகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாடு அகற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020 இல் மதிப்பிட்டது.

சிப் விற்கிறவரிடம் எவ்வளவு கூடும் எண்டு எல்லாரும் கேட்கிறோம். அந்த வலுவை முதலில் ஏன் ஒதுக்கி வைத்தார்கள் எண்டும் கேளுங்கோ. பெரும்பாலும் அந்த ஒதுக்கீடு எஞ்சினுக்காகவும், காருக்குப் பின்னால் சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்காகவும் இருந்திருக்கும்.