நீலகிரியின் லில்லி

ஈஸ்டர் நெருங்கினால் நான் வாழும் நகரத்துக் கடைகளில் வெள்ளை லில்லிச் சட்டிகள் வந்துவிடும். “நம்ம ஊர்லயும் லில்லி இருக்காப்பா?” என்று மகள் கேட்டாள். யோசிக்காமல் செங்காந்தளைச் சொன்னேன். தவறு.

குறிஞ்சிப்பாட்டின் பூவரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. ஈழத்தவருக்கு அது கார்த்திகைப்பூ. ஆங்கிலம் அதை லில்லி என்றாலும் தாவரவியலில் அது வேறு குடும்பம். இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருளும், சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து நிற்கும். விஷமூங்கிலும் லில்லியல்ல. இலையற்ற தண்டின் உச்சியில் கொத்தாகப் பூக்கும்; சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கும்.

அசல் லில்லிக்கு இலைகள் தண்டு நெடுகிலும் உண்டு. சூலகம் பூவுக்குள்ளே, ஆறு மகரந்தப்பைகளும் தொட்டால் ஆடும். மண்ணுக்குள் கிழங்கு, வெங்காயத்தைப் போல உலர்ந்த தோல் மூடாமல், சதைப்பற்றான செதில்களாக இருக்கும். அப்படியொன்று நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிச் சரிவுகளில், மழைக்காலத்தில், நீண்ட வெள்ளைக் குழலாகப் பூக்கிறது. உலகில் லில்லிப் பேரினத்தின் தெற்கெல்லை அதுதான்.

கோவையில் கம்பெனியின் பருத்திச் சோதனைகளை நடத்திய ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், 1853இல் அதற்கு லிலியம் நீல்கெரென்ஸ் என்று பெயரிட்டார். அதே நூலில் டியூபிஃப்ளோரம் என இன்னொன்றையும் தனியாகப் பிரித்தார். பின்வந்தோர் இரண்டும் ஒன்றே என்றனர். இன்று பலர் அதை இமயமலை லில்லியின் ஒரு வகையாகவே வைக்கிறார்கள்; சிலர் தனி இனம் என்கிறார்கள். தனியா, கிளையா என்ற இந்த வழக்கு, புலம்பெயர்ந்த நமக்குப் பழகியதுதான்.

வைட்டின் நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். செதில் செதிலாகப் பார்த்த கண்கள் அவர்களுடையவை. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். இன்று அந்தப் பெயரும் வழக்கில் இல்லை.

புல்வெளிகளை வெறும் தரிசு என்று கண்ட ஆங்கிலேயர் சீகை, யூகலிப்டஸ் மரங்களைக் கொண்டுவந்து நட்டனர். சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்களும் தோல் பதனிடவும் ரேயானுக்கும் அதையே தொடர்ந்தனர். நிழல் விழுந்தால் புல் போகும், புல்லோடு லில்லியும்.

கடைச் சட்டியிலிருப்பது ஜப்பானின் தென்தீவுகளையும் தைவானையும் சேர்ந்தது. மகளிடம் திருத்திச் சொன்னேன். “அப்போ நம்மளோடதுக்குத் தமிழ்ல என்ன பேரு?” என்றாள். நீலகிரி லில்லி என்றேன். “அது பாதி இங்கிலீஷ்” என்றாள்.