தோணியில் வராத கள்ளத்தோணிகள்

‘கள்ளத்தோணி’ என்பது நம் மொழிச் சொல். அரசின் கண்ணுக்கு மறைந்து கடல் கடக்கும் படகைக் குறித்த அச்சொல், இலங்கை விடுதலை பெற்றபின் அங்கே மனிதரைக் குறிக்கலாயிற்று. சிங்களப் பேச்சிலும் அது அப்படியே புகுந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளர்மீது வசையாக வீசப்பட்டது. தோணியில் கால் வைத்தறியாதவரும் கள்ளத்தோணியான இவ்வரலாற்றை நெல்லைச் சீமையினராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் நம்மவர்.

புளியங்குடிக்கு மேற்கே மலை. கிழக்கே சங்கரன்கோவில் வரை வானம் பார்த்த பூமி. குளம் பெருகாத ஆண்டில் கூலிக்கு எங்கே போவது? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சமும், அதற்கு முன்னும் பின்னும் வந்த வறட்சிகளும் தென்மாவட்டத்து ஏழைகளைக் ‘கண்டிச் சீமை’க்கு விரட்டின. கங்காணி முன்பணம் கொடுத்தார். அக்கடன் தொழிலாளியின் காலில் விலங்காயிற்று. தூத்துக்குடி வழியே சென்றோர் தட்டப்பாறை முகாமிலும், பிற்காலத்தில் தலைமன்னார் வழியே சென்றோர் மண்டபம் முகாமிலும் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே கப்பலேறினர். 1901 முதல், தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டும் கொடுத்தனுப்பினர். ஆள் சேர்த்தவர் கங்காணி, அரசின் கண்முன்னேதான் கப்பலேற்றினர். அவர்களது பயணத்தில் ஒளிவு மறைவு ஏதுமில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களிடம் வேறொரு சீட்டைக் கேட்டது. அச்சட்டத்துக்குமுன் இலங்கையில் பிறந்தவர், தம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும். லயத்து அறைகளில் பிறந்தவருக்குப் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். 1949ஆம் ஆண்டிலேயே இன்னொரு திருத்தத்தால் வாக்குரிமையும் போயிற்று. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எழுவர் நாடாளுமன்றம் சென்றிருந்தனர். 1952இல் ஒருவரும் இல்லை.

பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் தரப்பினர் கூறிய நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆங்கிலேயர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைக் கொண்டு கண்டி உழவரின் நிலங்களைத் தோட்டங்களாக்கினர். அந்தக் குறை உண்மையானது. ஆனால் நிலத்தைப் பறித்தவர் தோட்டத் துரைமார். தண்டனை பெற்றவரோ தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். மலையக வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின என்ற அச்சமே சட்டத்தை விரைவுபடுத்தியது என்பது எம் கருத்து. இடதுசாரிக் கட்சிகள் அவையில் கடுமையாக எதிர்த்தன. ஜி. ஜி. பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டின் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அதே ஆண்டில் அமைச்சராகவும் ஆனார். அவரைப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பிறர் வீட்டில் எரியும் தீ தம் கூரைக்கும் வரும் என்று அவர் கண்டிருந்தார்.

தோணிகள் வந்ததும் மெய்தான். 1939இல் இந்திய அரசே தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. உறவோ மறுகரையில் இருந்தது. இராமநாதபுரக் கரையிலிருந்து இரவில் படகேறியவர் உண்டு. அவர்களைத் தடுக்கக் குடிவரவுச் சட்டம் வந்தது. 1952இல் இலங்கைப் படையினர் வடகரையில் காவலுக்கு நிறுத்தப்பட்டனர். அதே ஆண்டில்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தைப் புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் முன்மாதிரியாக நிறுத்தித் திருத்தூது ஆணை ஒன்றை வெளியிட்டார். 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் கண்ட உடன்பாடோ வேறு திசையில் சென்றது. பதிவேட்டில் பெயரில்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின் அவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவர் என்றே கொள்ளப்படுவார் என்றது அதன் ஒரு பிரிவு. வாய் திறந்து தமிழ் பேசினால் அதுவே குற்றத்துக்குச் சான்று! நம் நாட்டின் பிரதமரும் இதற்குக் கையொப்பமிட்டார் என்பதை இங்கே எவரும் பேசுவதில்லை.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. கண்டியில் 1972இல் ‘சத்தியோதயம்’ நிறுவிய இயேசு சபை அருட்தந்தை பால் கஸ்பர்ஸ் போன்ற சிங்களச் சூழலில் வாழ்ந்த துறவியர் சிலர் இம்மக்களுக்காகப் பேசினர். 1984இல் இராமேசுவரம் கப்பல் நின்றது. தாயகம் திரும்புதலும் தடைப்பட்டது. நாடற்றோராய் அங்கே எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை தந்தது.

அதே 2003இல் இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லைச் சேர்த்தது. 1977, 1983 கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் ஓடி, அங்கிருந்து படகேறி மண்டபம் வந்த தொழிலாளரையும் அச்சொல் சுட்டியது. தாத்தா மருத்துவச் சோதனைக்கு நின்ற அதே மண்டபத்தில் பேரன் அகதியாய் நின்றான். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவர் உள்ளிட்ட ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. அவ்வாண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக் கோரிக்கையை மனிதநேயத்தோடு பரிசீலிக்கக் கூறியது. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. 2025இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டார் சட்டத்தின்கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கு குடியுரிமை ஆகாது.