விட்டுவிடக் கற்ற நாய்
(எல்லை நிலத்து வேட்டை மரபு குறித்து)

ஓசூர், கிருட்டினகிரி என்றவுடன் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலையில் விரையும் சரக்குந்துகளும் இன்று நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின் கங்கரும் நுளம்பரும் சோழரும் மாறி மாறி ஆண்ட இவ்வெல்லை நிலத்தின் பழைய ஆவணங்கள் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களே. ஆநிரை மீட்டுப் பட்டவன், புலி குத்திப் பட்டவன் ஆகியோருடன் பன்றி குத்திப் பட்டவனுக்கும் இங்குக் கல்லெடுத்தனர். அத்தகைய கற்கள் சிலவற்றில் வீரனோடு நாயும் பன்றியைப் பற்றி நிற்கிறது. வீரனைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். நாயைப் பற்றி எழுதியது குறைவு.

பன்றி வேட்டை பிற வேட்டையினின்று வேறுபட்டது. முயலும் மானும் ஓடித் தப்ப முயல்வன. பன்றியோ ஓடியும் பார்க்கும், திரும்பி நின்று கோட்டினாற் கிழித்தும் பார்க்கும். வேடன் வேலோடு பன்றியை நெருங்கும் அந்நொடியில், குறுக்கே பாய்ந்த முயலின் பின்னே நாய் போய்விட்டால் அவன் தனியனாகிறான். எனவே பன்றி நாய்க்கு வேண்டிய கல்வி இரண்டு. பன்றியைப் பற்றுவது ஒன்று. பிறவற்றை விட்டுவிடுவது மற்றொன்று. முன்னது பிறவியிலேயே ஓரளவு அமைவது. பின்னதைப் பழக்கித்தான் ஆகவேண்டும்.

பன்றி நாய்களைப் பழக்குவோர் கைக்கொள்ளும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. குட்டிப் பருவத்திலேயே ஆட்டு மந்தையினிடையே நடத்தி, ஆடு தனக்கு இரையன்று என உணர்த்துவர். பின்னர்ப் பழகிய மூத்த நாயோடு இளநாயைப் பிணைத்துக் காட்டிற்குக் கொண்டு செல்வர். மான் குறுக்கிட்டால் அதட்டிக் கயிற்றை இறுக்குவர். பன்றித் தடம் உறுதியான பின்னரே அவிழ்ப்பர். பன்றி வீழ்ந்தால் ஊனிற் பங்குண்டு. பிறவற்றைத் துரத்தி வந்த நாய்க்கு ஒன்றும் இல்லை. மூத்த நாய் தவறான தடத்திற் சென்றால் இளநாயும் அத்தவற்றையே கற்கும் என்பதால், உடன் பிணைக்கும் நாயைத் தேர்வதிலேயே பாதிக் கல்வி முடிந்துவிடுகிறது.

இவ்வறிவு மிகப் பழைமையானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வேட்டை நூல் எழுதிய கிரேக்க அறிஞர் செனபோன், வேட்டை நாய்களை நரியின் பின்னே ஓடவிடலாகாது என்கிறார். அது நாயைக் கெடுத்துவிடும், வேண்டிய வேளையில் அது அருகில் இராது என்பது அவர் கூறும் காரணம். பன்றி வேட்டையில் ஒரு நாயை மட்டும் அவிழ்த்துத் தடம் காணச் செய்து, ஏனையவற்றைக் கட்டியே நடத்த வேண்டும் என்றும் விதிக்கிறார். பன்றிக்கு ஏற்ற நாய்களை வரிசைப்படுத்தும்போது அவர் முதலிற் குறிப்பது இந்திய நாயையே.

நம் குறிஞ்சிப்பாட்டிலும் நாய்கள் வருகின்றன. தினைப்புனம் காத்த மகளிரை வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்ள, அவர்கள் நடுங்கி நிற்கும் வேளையில் தலைவன் வந்து மென்மொழி கூறுகிறான். கபிலர் அங்கே அமைத்திருப்பது காதலின் தொடக்கம். ஆயினும், தடம் விட்டு விலகிய நாய்களால் மகளிர் அஞ்சும் நிலையையும் அக்காட்சி நமக்குக் காட்டுகிறது.

இம்மரபின் மிகச் சிறந்த சான்று எல்லைக்கு அப்பால், மண்டியா மாவட்டத்து ஆதகூரில் எழுந்தது. கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். அப்போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டினனின் பக்கம் நின்றவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரனிடம் வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் பொன்னைக் கேளாது ‘காளி’ என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு பெரும் பன்றியின் மீது அந்நாயை ஏவினான். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. ஆதகூர்ச் செல்லீசுவரர் கோயில் முன் நாய்க்குக் கல் நிறுத்தி, நிலமும் விட்டனர். அந்நிலத்தை நுகர்வோன் கல்லைப் பூசிக்காமல் உண்டால் நாய் செய்த பாவம் அவனைச் சாரும் என்பது கல்வெட்டின் ஆணை. ஒரு சோழ இளவரசனின் சாவையும் ஒரு நாயின் சாவையும் தாங்கிய அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழகத்திலும் நாய்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல்லில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் அருகே அவன் நாய் ‘கோவிவன்’ நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து, வீரனைக் காத்து நின்றதாகக் கல் கூறுகிறது. காளியும் கோவிவனும் பெயர் பெற்றது விரைவினாலன்று. தமக்குரியதைப் பற்றி, விலகாது நின்றதனால்.

இன்று பன்றி வேட்டை நம்மிடம் இல்லை. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துவிட்டது. பயிரழிக்கும் பன்றியைக் கட்டுப்படுத்துவதும் வனத்துறையின் பொறுப்பே. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் 2014இல் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் ஆயின. இது நன்றே. ஆனால் வேட்டையோடு, நாயை நிறுத்தும் கல்வியும் மறைந்து வருகிறது. காட்டோரத்தில் கட்டவிழ்ந்து திரியும் நாய், மானையும் முயலையும் வேறுபாடின்றித் துரத்துகிறது. அதனை அதட்டி அழைக்கும் குரல் இல்லை.

கற்களும் மறைகின்றன. சில துணி துவைக்கப் பயன்படுகின்றன. சில சாலை அகலப்படும்போது மண்ணுள் புதைகின்றன. நம் வட்டத்துக் கவிஞர்கள் தத்தம் ஊரில் ஒரு நடுகல்லையேனும் தேடிச் சென்று, வீரனின் காலடியில் நாய் உண்டா எனக் குனிந்து பார்த்து, அதை எழுதி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அடுத்த பத்தாண்டு மலருக்கு அதுவே போதிய பொருளாகும்.