துளையிட்ட பொற்காசு: பைசாந்திய நாணயம் அணிகலனான வரலாறு

நாணயம் கைமாறுவதற்காக அச்சிடப்படுவது. அதில் துளையிட்டுக் கழுத்தில் அணிந்ததும் அது கடைத்தெருவை விட்டு விலகுகிறது. உடைமையாகவும் நம்பிக்கையாகவும் மாறுகிறது. நாணயம் சேகரிப்போர் துளையைப் பழுதெனக் கருதி விலையைக் குறைப்பர். வரலாறு பயிலும் நாமோ அத்துளையைச் சான்றாகக் கொண்டு படிக்க வேண்டும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, பைசாந்தியப் பேரரசின் பொற்காசாகும்.

முதலாம் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொலிடஸ் என்னும் பொற்காசை அறிமுகப்படுத்தினார். ஓர் உரோமப் பவுண்டுப் பொன்னிலிருந்து 72 காசுகள் அச்சிடப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.5 கிராம் எடையுடையது. அவ்வெடை 24 சிறு நிறைகளாகப் பகுக்கப்பட்டது. தூய பொன்னை 24 காரட் என்று நாம் இன்று வழங்குவதும் அதன் வழிவந்ததே. கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசு, 11ஆம் நூற்றாண்டு வரை இக்காசின் மாற்றுப் பெரிதும் குறையாமல் காத்தது. பொன்னும் அரசர் திருமுகமும் ஒருங்கே அமைந்த இக்காசு அணிகலனாக மாறியதில் வியப்பில்லை.

முதலில் அரண்மனையைக் காண்போம். 321, 324 ஆகிய ஆண்டுகளில் சிர்மியம் நகரில் அச்சிடப்பட்ட இரட்டைச் சொலிடஸ்கள் சில, நுண்துளை வேலைப்பாடுடைய பொற்சட்டங்களில் பதிக்கப்பட்டுப் பதக்கங்களாயின. அவற்றுள் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சைப்ரஸ் தீவில் 1902இல் வெளிப்பட்ட புதையலில், காசுகளையும் பதக்கங்களையும் கோத்து அமைத்த பொன் இடையணி ஒன்று இருந்தது. அதன் பெரும்பதக்கங்களில் மௌரிசியஸ் பேரரசரின் உருவம் உள்ளது. இத்தகைய அணிகளைப் பூண்டவர் தம் செல்வத்தை மட்டுமன்றி, அரசருக்குத் தாம் நெருங்கியவர் என்பதையும் ஊரறியக் காட்டினார்.

அடுத்தது நம்பிக்கை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் போதித்த யோவான் கிறிசோஸ்தோம், அலெக்சாந்தரின் உருவம் பொறித்த செப்புக்காசுகளைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொள்வோரைக் கண்டித்தார். ஆயினும் வழக்கம் மறையவில்லை. 12ஆம் நூற்றாண்டில், பின்னர் பேராயராக விளங்கிய மிக்கேல் இத்தாலிக்கோஸ் என்னும் அறிஞர், மருத்துவர் ஒருவருக்குப் பழைய பொற்காசொன்றை அனுப்பி, தீங்கிலிருந்து காக்கும் காப்பாக அணியுமாறு எழுதினார். கண்டனத்துக்குள்ளான பழக்கம், காலப்போக்கில் கற்றோர் கையிலேயே பரிசாயிற்று.

பேரரசின் எல்லைக்கு அப்பாலும் இக்காசு சென்றது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கிடைத்த வில்டன் சிலுவையின் நடுவில் ஹெராக்ளியஸ் காலத்துச் சொலிடஸ் பதிக்கப்பட்டுள்ளது. முன்பக்கம் தெரிவது அரசர் முகமன்று. பின்புறத்துச் சிலுவைச் சின்னமே. அதுவும் தலைகீழாக அமைந்துள்ளது. எதிரே நிற்பவருக்கு அது பிழையாகத் தோன்றும். குனிந்து நோக்கும் அணிந்தவருக்கோ நேராகத் தெரியும்.

தென்னாட்டில் கிடைத்த சொலிடஸ்கள் வேறொன்றைக் கூறுகின்றன. அவற்றுள் பலவற்றில் பேரரசரின் தலைக்கு மேலே அருகருகே இரண்டு துளைகள் உள்ளன. ஒற்றைத் துளையில் கோத்த காசு சுழலும். இரட்டைத் துளையில் கோத்தது முகம் திரும்பாமல் நிற்கும். அவ்வரசரின் பெயரை அணிந்தவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அம்முகம் நேராக நின்று பிறர் கண்ணில் படவேண்டும் என விரும்பியுள்ளார். ஆறாம் நூற்றாண்டு வணிகரான கோஸ்மாஸ், இலங்கை அரசவையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தியைத் தருகிறார். உரோம அரசர் பெரியவரா, பாரசீக அரசர் பெரியவரா என்ற வழக்கு எழுந்தபோது, இருவரின் காசுகளும் அருகருகே வைக்கப்பட்டன. பாரசீக வெள்ளிக்காசைவிட உரோமப் பொற்காசே சிறந்ததென இலங்கை மன்னர் தீர்ப்பளித்தாராம். இக்காசுக்குக் கீழைக்கடற்கரைகளில் இருந்த மதிப்பை அச்செய்தி உணர்த்துகிறது.

ஒரே காசு அரண்மனையில் அதிகாரத்தையும், மருத்துவர் மார்பில் காப்பையும், நார்ஃபோக்கில் வழிபாட்டையும், தென்னாட்டில் அழகையும் உணர்த்தியது. இவ்வேறுபாடுகளைக் காசின் எழுத்துகள் சொல்லவில்லை. துளை எங்கே உள்ளது, எப்பக்கம் வெளியே தெரிந்தது, எப்பக்கம் தேய்ந்தது என்பனவே சொல்கின்றன.

நம் வீடுகளிலும் காசுமாலைகள் உள்ளன. ஆங்கிலேயர் பொற்காசின் பெயராகிய பவுன் நம் வாய்மொழியில் எட்டுக் கிராம் எடைக்குப் பெயராகி நிலைத்துள்ளது. பழைய மாலையை உருக்கிப் புதுநகை செய்யும்போது பொன் குறைவதில்லை. ஆனால் துளையும் தேய்மானமும் சொல்லும் செய்தி அழிந்துவிடும். ஆகவே உருக்கக் கொடுக்கும் முன் அதனை ஒருமுறை உற்றுநோக்கி, படமெடுத்து, அணிந்தவர் யாரென எழுதி வைக்குமாறு மாணவர்களுக்குச் சொல்வோம். வரலாற்றுப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.