ஒரு வேரின் பெயர்கள்: சர்ப்பகந்தாவும் இரத்த அழுத்தமும்

இரத்தக் குழாய்களைக் காக்கும் மூலிகைகள் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் மோதிக்கொள்கின்றன. உயர் இரத்த அழுத்தத்துக்கு நம் முன்னோர் அன்றே மருந்து கண்டிருந்தனர் என்பது ஒன்று. மூலிகை வெறும் மூலப்பொருள், அதை மருந்தாக்கியது மேலைநாட்டு ஆய்வகமே என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருசேரச் சோதிக்க ஒரு செடியின் வரலாறு போதும்: சர்ப்பகந்தா. மொழியியல் பயின்ற எனக்கு அதன் பெயர்களே முதற் சான்றாகத் தோன்றுகின்றன.

சமஸ்கிருதத்தில் சர்ப்பகந்தா என்பதில் பாம்பு இருக்கிறது. நாகுலி என்னும் மற்றொரு பெயரில் கீரி இருக்கிறது. நகுலம் என்றால் கீரி. (பழைய நூல்கள் கூறும் செடிகள் அனைத்தும் இன்று நாம் அறியும் இதே செடிதாமா என்பது விவாதத்துக்கு உரியது.) பீகார் வட்டாரத்தில் இதன் வேருக்குப் ‘பாகல் கி தவா’, அதாவது பித்துக்கான மருந்து என்று பெயர். நஞ்சுமுறிவு, மனக்கலக்கம், தூக்கமின்மை ஆகியவையே மக்கள் வழக்கில் இதன் பயன்கள். பெயர்களில் இரத்த அழுத்தம் எங்கும் இல்லை.

இருக்கவும் முடியாது. ரிவா-ரோச்சி 1896இல் கைப்பட்டைக் கருவியை அமைத்து, கொரொட்கோவ் 1905இல் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைத் தந்த பின்னரே இரத்த அழுத்தம் என்பது அன்றாட மருத்துவத்தின் அளவீடாயிற்று. ஆகவே முன்னோர் அந்நோயைப் பெயரிட்டு அறிந்தனர் என்பது காலவழு. ஆனால், கிளர்ந்த உடலை அடக்கும் ஒரு வேரை அவர்கள் இனங்கண்டு தலைமுறைகளாகக் காத்துவந்தனர் என்பது வரலாறு.

இவ்விரண்டும் சந்தித்த ஆண்டு 1931. கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இவ்வேரைப் பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தாக அறிவித்துக் கட்டுரை வெளியிட்டனர். பழைய பெயர் சுட்டிய பயனும் புதிய கருவி காட்டிய பயனும் அக்கட்டுரையின் தலைப்பிலேயே அருகருகே நின்றன. அதே ஆண்டில் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரிலிருந்து அல்கலாய்டுகளைப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர். யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக இடப்பட்டது அது. ஒரு வேதிச்சேர்மத்தின் பெயரில் மரபு மருத்துவர் ஒருவர் இடம்பெற்றது எளிய செய்தியன்று.

ஒப்பிட்டுப் பார்க்க, தாவரவியற் பெயரைக் காண்க: ரவுல்ஃபியா செர்பென்டினா. ரவுல்ஃப் என்பவர் 16ஆம் நூற்றாண்டில் மேற்காசியாவில் பயணம் செய்த ஜெர்மானிய மருத்துவர்; இந்தியாவுக்கு வந்தவரல்லர். பேரினத்துக்கு அவர் பெயர், சிற்றினத்துக்குப் பாம்பு.

1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தம் கொண்ட 50 நோயாளிகளிடம் இவ்வேரின் பயனை ஆராய்ந்து பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகின் கவனம் அதன்பின் இவ்வேரின்மேல் திரும்பியது. 1952இல் பாசல் நகரின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் ரிசர்பின் என்னும் கூறினைப் பிரித்தனர். 1956இல் உட்வர்ட் அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்தார். 1957இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

ரிசர்பின் செய்வது இதுதான்: நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சேமிக்கப்படுவதைத் தடுக்கிறது, சேமிப்பு வற்றவே, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் கட்டளை தளர்கிறது. இதன் பயன் ஐயமற நிறுவப்பட்டது அமெரிக்கப் படைமுதியோர் மருத்துவமனைகளில். 1967இல் வெளியான அவ்வாய்வில் கடும் அழுத்தம் கொண்ட 143 ஆடவர் பங்கேற்றனர். ரிசர்பினுடன் வேறு இரு மருந்துகளும் சேர்த்துப் பெற்ற 73 பேரில் இருவருக்கே கடும் பாதிப்பு நேர்ந்தது. போலி மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்கு நேர்ந்தது. அழுத்தத்தைக் குறைத்தால் மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் குழாய்கள் காக்கப்படும் என்று இன்று எல்லோரும் இயல்பாகக் கூறும் உண்மை இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டதே.

விலையும் உண்டு. மிகுந்த அளவில் உட்கொண்டோரிடம் மனச்சோர்வு கண்டறியப்பட்டது. மருந்து மெல்லப் பின்தள்ளப்பட்டது. காடுகளில் வேரைத் தோண்டத் தோண்டச் செடி அருகிற்று. வேருக்காகவே அறுவடை என்பதால் செடி முழுவதும் அழியும். 1990 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

ஆக, முதற் கூற்று அளவீட்டின் வரலாற்றை மறைக்கிறது. இரண்டாம் கூற்று கல்கத்தா, தில்லி, பம்பாய் ஆய்வாளர்களையும், அவர்களுக்கு முன் பெயரறியா மக்களையும் மறைக்கிறது. முதற் கூற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. ரிசர்பினின் நாளளவு ஒரு மில்லிகிராமின் சிறு பகுதியே. வேருக்கு வேர் அதன் அளவு மாறும். பழமையை நம்பி வேரைத் தாமே உட்கொள்வோர், அளவைக் கண்டறிய உழைத்தவர்களின் உழைப்பையே புறந்தள்ளுகின்றனர்.

மருந்து வரலாறு எழுதும் மாணவர்கள் வட்டாரப் பெயர்களையும் ஆவணமாகக் கொள்க. எவர் எதை அறிந்திருந்தனர் என்பதோடு, எதை அறிந்திருக்க இயலாது என்பதையும் அவை நேர்மையாகச் சொல்லும்.